பிராக் நகரில் இரண்டு பேர், இரண்டு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்லினுக்குக் குடிவந்த பிறகு நானும் என் கணவரும் நாலு வார இறுதிகளில் பிராக் போய் வந்திருக்கிறோம். முதல் தடவை சண்டை, இரண்டாவது தடவை மழை, அப்புறம்தான் அந்த ஊர் பிடிபட்டது. இப்போது தெரிந்தவர்கள் யார் கிளம்பினாலும் எனக்குப் போன் வருகிறது. ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டேன்.

பாரிஸ், வெனிஸ் எல்லாம் இருக்கும்போது ஏன் பிராக்?

நடந்தே பார்த்துவிடலாம் என்பதால். பழைய நகரச் சதுக்கத்தில் இருந்து மலைமேல் இருக்கும் கோட்டைக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான், நடுவில் வல்தாவா ஆறு. இரண்டாம் உலகப் போரில் டிரெஸ்டன், வார்சா போன்ற ஊர்கள் இடிந்து விழுந்தபோது பிராக் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. அதனால் எழுநூறு வருடத்துக் கட்டடங்கள் தெருத் தெருவாக அப்படியே நிற்கின்றன. முழுக்கத் தப்பித்தது என்று சொல்ல முடியாது. 1945 பிப்ரவரி 14 அன்று டிரெஸ்டனுக்குப் போன அமெரிக்க விமானங்களில் சில வழி தவறி இங்கே குண்டு போட்டதில் சுமார் 700 பேர் இறந்தார்கள். ஆற்றங்கரையில் இடுப்பை வளைத்து நிற்கும் 'ஆடும் வீடு' என்ற கட்டடத்தை எல்லோரும் படம் எடுப்பார்கள். அது அன்று இடிந்துபோன ஒரு வீட்டின் மனையில் 1990களில் கட்டியது.

இரண்டு நாள் போதுமா?

போதும், பாதியை விட்டுவிடச் சம்மதித்தால். எங்கள் முதல் பயணத்துச் சண்டையே இதில்தான் வந்தது. இவர் பதினெட்டு இடங்கள் எழுதிய பட்டியலோடு வந்தார். எனக்கோ எங்காவது உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, எந்தத் தெரு என்றுகூட நினைவில்லை, இரண்டு பேரும் பேசுவதை நிறுத்திவிட்டோம்.

இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். காலை அவருடையது, மாலை என்னுடையது, மத்தியானம் அறைக்குப் போய்த் தூக்கம். வெள்ளி இரவு போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை விடியலில் சார்லஸ் பாலம், பிறகு கோட்டை. ஞாயிறு காலை யூதர் குடியிருப்பு, மத்தியானம் விஷெஹ்ராட் என்ற பழைய கோட்டை மேடு, மாலை ரயில். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

அது ஏன் சனிக்கிழமை கோட்டை, ஞாயிறு யூதர் குடியிருப்பு?

சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள். யோசெஃபோவ் என்ற அந்த யூதர் குடியிருப்பின் தொழுகைக்கூடங்கள், பழைய கல்லறைத் தோட்டம் எல்லாம் அன்று பார்வையாளர்களுக்குத் திறக்காது. கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயமோ ஞாயிறு காலை வழிபாட்டுக்காக மூடியிருந்து, மத்தியானம் 12 மணிக்கு மேல்தான் நம்மை உள்ளே விடும். வார இறுதியில் வருகிற பலர் இதை நேர்மாறாகத் திட்டமிட்டு, இரண்டு வாசலிலும் முட்டிக்கொண்டு திரும்புகிறார்கள்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர். டிசம்பரில் சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் சந்தை அழகுதான், ஆனால் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், கூட்டம் நம் ஊர்த் தேர்த் திருவிழாபோல நெரிக்கும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். ஜனவரியில் குளிர் எலும்பைத் தொடும், ஆனால் பாலத்தில் ஆளே இருக்க மாட்டார்கள். அதை விரும்புகிறவர்களும் உண்டு.

மே 1க்கு ஒரு தனிச் சிறப்பு. அன்று பூத்த மரத்தடியில், அதுவும் செர்ரி மரமாக இருந்தால் விசேஷம், காதலியை முத்தமிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருடம் முழுக்க அவள் வாடிப்போவாள் என்பது செக் நாட்டு நம்பிக்கை. பெட்ரின் குன்றில் மாஹா என்ற கவிஞரின் சிலை இருக்கிறது. அன்று அங்கே இளசுகள் மட்டுமல்ல, எழுபது வயதுத் தாத்தா பாட்டிகளும் வரிசையில் நிற்பார்கள். இவருக்கு முதலில் வெட்கம். பக்கத்தில் ஒரு தாத்தாவே கொடுக்கிறாரே என்று பார்த்த பிறகு சரியாகிவிட்டது.

விசா வேண்டுமா?

ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற ஷெங்கன் நாடு ஒன்றில் குடியிருப்பு அனுமதி இருந்தால் தனி விசா வேண்டாம். பாஸ்போர்ட்டையும் அனுமதி அட்டையையும் கையில் வைத்திருங்கள், எல்லை தாண்டும்போது ரயிலில் போலீஸ் ஏறுவது உண்டு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கும் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. ஆனால் லண்டனில் இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட்டோடு இருப்பவர்கள் ஷெங்கன் விசா எடுத்தாக வேண்டும். ஊரில் இருந்து நேராக வருகிறவர்கள் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

ரயிலா, விமானமா?

பெர்லினில் இருந்தோ வியன்னாவில் இருந்தோ என்றால் கேள்வியே இல்லை, ரயில்தான். இரண்டுக்கும் நாலு மணி நேரம் அல்லது கொஞ்சம் கூட. பெர்லினில் இருந்து போகிறவர்கள் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். டிரெஸ்டன் தாண்டியதும் எல்பே ஆறு பக்கத்திலேயே ஓடிவரும், அக்கரையில் மணற்பாறைகள் கோபுரம் கோபுரமாக எழும்பும். எனக்கு விடுமுறை அங்கேயே தொடங்கிவிடும். உணவுப் பெட்டியில் பீர் குழாயில் இருந்து பிடித்துத் தருவார்கள் என்பது இவர் சொல்லச் சொன்ன தகவல்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு: விமான நிலையத்தில் இருந்து 59ஆம் எண் டிராலிபஸ் ஏறி, பிறகு பச்சை நிற ஏ மெட்ரோ. டாக்சிக்கு அவசியமே இல்லை.

எங்கே தங்கலாம்?

பழைய நகரத்தின் நடுவில் வேண்டாம். வெள்ளி, சனி இரவுகளில் கல்யாணத்துக்கு முந்தைய கடைசிக் கொண்டாட்டம் என்று கூட்டம் கூட்டமாக வருகிற வெளிநாட்டு இளைஞர்கள் விடிய விடியப் பாடுவார்கள். கையில் காசு இருந்தால் கோட்டைக்குக் கீழே மாலா ஸ்ட்ரானா பகுதி. இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்தச் சந்துகள் நம் இரண்டு பேருக்காகவே விளக்கு ஏற்றி வைத்ததுபோல இருக்கும்.

நாங்கள் தங்குவது வினோஹ்ராடியில். உள்ளூர்க்காரர்கள் குடியிருக்கிற இடம், நல்ல காப்பிக் கடைகள், வாடகையும் குறைவு. அங்கே நாமியெஸ்டி மீரு மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டு 87 மீட்டர் நீளம். ஏறி நின்றால் மேலே வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பேசாமல் இருந்த அந்த முதல் பயணத்தில் நாங்கள் திரும்பப் பேச ஆரம்பித்தது அந்தப் படிக்கட்டில்தான். எவ்வளவு நேரம்தான் முறைத்துக்கொண்டே நிற்பது?

எங்கே தங்கினாலும் சக்கரம் வைத்த பெரிய பெட்டி வேண்டாம். தெருவெல்லாம் கருங்கல் பாவியது. முதுகுப் பை போதும்.

யூரோ செல்லுமா?

செக் நாட்டின் நாணயம் கொருனா. சில கடைகளில் யூரோ வாங்குவார்கள், ஆனால் அவர்கள் போடும் கணக்கில் நமக்கு நஷ்டம். அட்டை ஏறக்குறைய எல்லா இடத்திலும் செல்லும்.

பணம் மாற்றும் கடைகள் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 'கமிஷன் கிடையாது' என்று பெரிதாக எழுதியிருப்பார்கள், விலையிலேயே பிடித்துக்கொள்வார்கள். முதல் தடவை சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் 100 யூரோ மாற்றி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அப்போது எங்களுக்கு வழி தெரியவில்லை. 2019இல் இருந்து ஒரு சட்டம் இருக்கிறது: 1,000 யூரோ வரை மாற்றியதை, ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய் ரத்து செய்யலாம். தெருவில் நின்று "நல்ல ரேட்" என்று கூப்பிடுகிறவர்களுக்கு முகம் கொடுக்கவே கூடாது. ஏடிஎம்மில் "உங்கள் நாணயத்தில் கணக்கிடட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, கொருனாவிலேயே எடுங்கள்.

டிராம் டிக்கெட் எப்படி?

ஒரே டிக்கெட் டிராம், மெட்ரோ, பஸ் மூன்றுக்கும் செல்லும். இரண்டு நாளுக்கு 24 மணி நேர டிக்கெட் இரண்டு வாங்கலாம், இல்லையென்றால் 72 மணி நேரத்தது. காகித டிக்கெட்டாக இருந்தால் முதல் முறை ஏறும்போது மஞ்சள் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் ஒன்றுதான். பரிசோதகர் சாதாரண உடையில் வந்து, உள்ளங்கையில் இருக்கும் வில்லையைக் காட்டுவார்.

சார்லஸ் பாலத்தை எப்போது பார்ப்பது?

விடியற்காலை. பத்து மணிக்குப் போனால் முதுகுகள்தான் தெரியும். ஆறு மணிக்குப் போங்கள், மூடுபனி ஆற்றில் இருந்து எழும்பும்போது பாலத்தின் முப்பது சிலைகளும் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இதன் அடிக்கல்லை நான்காம் சார்லஸ் மன்னர் 1357ஆம் ஆண்டு, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்துக்கு நாட்டினார் என்று சொல்வார்கள். வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1-3-5-7-9-7-5-3-1. ஒற்றைப்படை எண்கள் ஏறி இறங்குகின்றன. முகூர்த்தம் பார்த்துக் கால் நடுவது நமக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன்! 1841 வரை நகரத்தில் ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலம் இதுதான். முகூர்த்தம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும், 1890 வெள்ளத்தில் சில வளைவுகள் இடிந்ததைத் தவிர. சிலைகள் பலவும் இன்று நகல்கள், அசல்களை உள்ளே பத்திரமாக வைத்துவிட்டார்கள்.

பாலத்தில் பளபளக்கும் அந்த வெண்கலத் தகடு?

அது யான் நெபோமுக் என்ற பாதிரியார் சிலையின் அடியில் இருப்பது. தொட்டால் நினைத்தது நடக்கும், மறுபடி பிராக் வருவோம் என்று எல்லோரும் தடவித் தடவியே பளபளப்பாக்கிவிட்டார்கள். தம்பதிகள் கைகோத்துத் தொட்டுப் படம் எடுப்பது வழக்கம். கதை தெரிந்தால் சிரிப்பு வரும். ராணி பாவமன்னிப்பில் என்ன சொன்னாள் என்று நான்காம் வென்செஸ்லாஸ் மன்னர் கேட்டாராம். பாதிரியார் வாய் திறக்கவில்லை. 1393இல் அவரை ஆற்றில் தள்ளிவிட்டார்கள். மனைவியைச் சந்தேகப்பட்ட ஒரு கணவனின் கதையைத்தான் நாம் ஜோடியாகத் தொட்டுக் கும்பிடுகிறோம். அவர் ஆற்றில் வீசப்பட்டது உண்மை. வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணம் வேறு, ஒரு மடத்துக்குத் தலைவரை நியமிப்பதில் அரசருக்கும் பேராயருக்கும் வந்த தகராறு.

கைப்பிடிச் சுவரில், அவரைத் தள்ளியதாகச் சொல்லும் இடத்தில், ஐந்து நட்சத்திரத்தோடு ஒரு சிலுவை பதித்திருக்கிறது. கூட்டம் தகட்டின் பக்கம் நிற்கும்போது அங்கே போய்க் கை வையுங்கள்.

வானியல் கடிகாரம் பார்த்துவிட்டு ஏமாந்தோம் என்கிறார்களே?

மணி அடிக்கும் நிமிடத்துக்கு மட்டும் போனால் ஏமாற்றம்தான். காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கு ஒரு தடவை எலும்புக்கூடு மணியை இழுக்கும், மேலே இரண்டு ஜன்னலில் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் சுற்றிவரும், சேவல் கூவும். ஒரு நிமிடம்கூட நீடிக்காது. நானூறு பேர் போனைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டுக் கலைவார்கள், அப்போது ஜேப்படிக்காரர்களும் வேலையில் இருப்பார்கள்.

மணி அடித்து ஒரு கால் மணி நேரம் கழித்து, கூட்டம் இல்லாதபோது போங்கள். 1410இல் செய்த அந்த முகப்பு உண்மையில் ஒரு பஞ்சாங்கம். சூரியன் எந்த ராசியில் இருக்கிறது, சந்திரன் எங்கே, வளர்பிறையா தேய்பிறையா, எல்லாம் தெரியும். வெளிவட்டத்தில் இருப்பது பழைய செக் மணி, அதைச் சூரிய அஸ்தமனத்தில் இருந்து எண்ணுவார்கள். நாம் நாழிகையை உதயத்தில் இருந்து எண்ணியதுபோல அவர்கள் மாலையில் இருந்து. ஒரு வித்தியாசம் கவனித்தேன். அந்த முகப்பில் சூரியன் மேஷத்துக்குள் நுழைவது மார்ச்சில், நமக்கு ஏப்ரலில், சித்திரைப் பிறப்பன்று. ஏன் என்று இவரிடம் கேட்டுவிட்டேன். அயனாம்சம், சாயனம், நிராயணம் என்று அரை மணி நேரம் விளக்கினார். எச்சரிக்கிறேன், இன்ஜினியரைக் கட்டிக்கொண்டவர்கள் கேட்காதீர்கள்.

கடிகாரம் செய்தவர் வேறு ஊரில் இன்னொன்று செய்துவிடக் கூடாது என்று அவர் கண்ணைக் குருடாக்கிய கதையை வழிகாட்டிகள் சொல்வார்கள். அந்தக் கதை ஹனுஷ் என்பவரைப் பற்றியது. செய்தவர் காடானைச் சேர்ந்த மிகுலாஷ் என்று பிறகு தெரிந்துவிட்டது.

கோட்டைக்கு எவ்வளவு நேரம்?

மூன்று மணி நேரம். 22ஆம் எண் டிராமில் மேலே போய் இறங்கி, பார்த்துவிட்டுக் கீழ்நோக்கி நடந்து வாருங்கள். முற்றங்களுக்குக் காசு இல்லை, காலை 6 மணிக்கே திறந்துவிடும். கட்டடங்களுக்குள் போகத்தான் டிக்கெட். பேராலயத்தை 1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்தார்கள், ஏறக்குறைய அறுநூறு வருட வேலை. உள்ளே இடப்பக்கம் மூன்றாவது ஜன்னலில் அல்போன்ஸ் முஹா வரைந்த கண்ணாடி ஓவியத்தைத் தவறவிடாதீர்கள். வெயில் அடிக்கும்போது தரையில் நிறம் கொட்டிக் கிடக்கும். பழைய அரண்மனையில், 1618இல் இரண்டு ஆளுநர்களையும் ஒரு எழுத்தரையும் தூக்கி வெளியே எறிந்த ஜன்னலும் இருக்கிறது. மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அதில் பற்றிய முப்பதாண்டுப் போர் பாதி ஐரோப்பாவை எரித்தது.

கோட்டைக்குள் பொற்சந்து என்ற சின்னத் தெருவில், எழுத்தாளர் காஃப்கா உட்கார்ந்து எழுதிய குட்டி வீடு 22ஆம் எண். நெரிசல் அதிகம், அவசரம் என்றால் விட்டுவிடலாம்.

யூதர் குடியிருப்பு ஜோடியாகப் போகிற இடமா?

ஜாலியான இடம் இல்லை. ஆனாலும் போங்கள். பழைய கல்லறைத் தோட்டத்தில் 1439இல் இருந்து 1787 வரை புதைத்தார்கள். இடம் விரிய வழியில்லாமல் மண்ணைக் கொட்டி மேலே மேலே புதைத்ததில், சுமார் 12,000 கற்கள் பல் வரிசை கலைந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. பக்கத்தில் பிங்காஸ் தொழுகைக்கூடம். பொஹேமியா, மொராவியா என்ற செக் பகுதிகளில் இருந்து நாஜிகள் கொன்ற யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்களைச் சுவர் முழுக்கக் கையால் எழுதியிருக்கிறார்கள். அங்கே இவர் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். வெளியே வந்து ஒரு மணி நேரம் ஆற்றோரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பட்டினி இல்லை, ஆனால் தேர்வு குறைவு. பழைய பாணிக் கடைகளில் 'ஸ்மாஷெனி சீர்' கிடைக்கும், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சீஸ், கூட உருளைக்கிழங்கு. நல்ல பசிக்குத் தாங்கும். உருளைக்கிழங்கு சூப்பில் இறைச்சி நீர் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். என் விருப்பம் பழக் கொழுக்கட்டை: உள்ளே முழு ஸ்ட்ராபெரியோ பிளம்மோ, மேலே உருக்கிய வெண்ணெயும் தயிர்க்கட்டித் துருவலும். இங்கே அதையே சாப்பாடாகச் சாப்பிடுகிறார்கள், குறை சொல்ல மாட்டேன். எடை போட்டு விலை சொல்லும் இந்திய சைவ உணவகங்களும் நகரத்துக்குள் உண்டு. அசைவம் சாப்பிடுகிறவர்கள் சோறு தேடினால் வியட்நாமியக் கடைகளுக்குப் போங்கள். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் படிக்கவும் வேலைக்கும் வந்தவர்களின் குடும்பங்கள் இங்கே நிறைய.

சதுக்கத்துக் கடையில் சுட்ட பன்றித் தொடை வாங்கினால் விலைப்பலகையை நன்றாகப் படியுங்கள். போட்டிருப்பது 100 கிராம் விலை, தட்டில் வைப்பது அதற்கு மேல்.

தெருவெல்லாம் மணக்கும் அந்த உருளை இனிப்பு?

ட்ர்டெல்னிக். 'பழைய பொஹேமியப் பண்டம்' என்று எழுதியிருக்கும். சுற்றுலாக்காரர்களுக்காகக் கடந்த இருபது வருடத்தில் பெருகியது அது. ஒன்று வாங்கிப் பாதிப் பாதி சாப்பிடுங்கள், போதும்.

பீர் குடிக்க மாட்டேன். பீர்க்கடைக்குப் போகலாமா?

போகலாம், நானும் அப்படித்தான். கோஃபோலா கேளுங்கள். 1960இல் செக்கோஸ்லோவாகியாவில் கோலாவுக்கு மாற்றாகச் செய்தது, முதல் வாய் இருமல் மருந்து, மூன்றாவது வாயில் பிடித்துவிடும். குடிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மேசையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, ஒவ்வொரு பீருக்கும் ஒரு கோடு போடுவார்கள். கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். போதும் என்றால் அடியில் வைக்கும் அட்டையை எடுத்துக் கிளாஸ்மேல் மூடிவிடுங்கள்.

அக்கா, பாலத்தில் பட்டுச் சேலை கட்டிப் போட்டோ எடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் குதிகால் செருப்பு மட்டும் வேண்டாம், கல் இடுக்கில் மாட்டும். தட்டைச் செருப்புப் போட்டுக் கொசுவத்தை ஒரு விரல் தூக்கிக் கட்டிக்கொள். ஆறு மணிக்குப் போனால் சீனா, கொரியாவில் இருந்து வந்த மணமக்கள் கல்யாண உடையில் ஏற்கெனவே நிற்பார்கள். நீ ஒருத்தி மட்டும் வித்தியாசமாகத் தெரிய மாட்டாய்.

சாயங்காலம் இரண்டு பேரும் தனியாக இருக்க எங்கே போகலாம்?

என் முதல் தேர்வு லெட்னா பூங்கா. அடுத்தடுத்து நிற்கும் பாலங்கள் ஒரே வரிசையில் கீழே தெரியும். அங்கே ஆடுகிற பெரிய மெட்ரோனோம் (இசைக்குத் தாளம் காட்டும் கருவி) இருக்கும் மேடையில் ஒரு காலத்தில் ஸ்டாலினின் ராட்சதச் சிலை இருந்தது, 1955இல் அதைத் திறந்த கம்யூனிஸ்ட் அரசே 1962இல் வெடிவைத்துத் தகர்த்தது. அடுத்தது விஷெஹ்ராட், ஆற்றுக்குமேல் பழைய கோட்டை மேடு, கூட்டம் குறைவு. இசை பிடித்தவர்கள் அங்கே செக் இசையமைப்பாளர்கள் ட்வோர்ஷாக், ஸ்மெட்டனா இருவரின் கல்லறைகளையும் பார்க்கலாம். வெயில் காலத்தில் ஸோஃபின் தீவில் துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். யார் துடுப்புப் போடுவது என்பதை ஏறும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

செக் மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆங்கிலம் போதும். கடைக்குள் நுழையும்போது 'டோப்ரி டென்', நன்றிக்கு 'டியெகுயி' சொன்னால் முகம் மலரும். 'ஆனோ' என்றால் ஆமாம். அதைச் சுருக்கி 'நோ' என்பார்கள், அதற்கும் ஆமாம் என்றுதான் அர்த்தம்! உயிரெழுத்தே இல்லாத வாக்கியம் ஒன்று வைத்திருக்கிறார்கள்: ஸ்ட்ர்ச் ப்ர்ஸ்ட் ஸ்க்ர்ஸ் க்ர்க். விரலைத் தொண்டைக்குள் விடு என்று பொருள், சொல்லிப் பார்த்தால் விட்டதுபோலவே இருக்கும்.

இப்படி ஒரு மொழியில் பிறந்தவர்தான் கமில் சுவெலபில். 1927இல் பிராகில் பிறந்து, தமிழ் கற்று, இங்கே சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்து, சங்கப் பாடல்களையும் முருகனையும் பற்றி உலகத்துக்கு எழுதியவர். 1348இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் கடிகாரத்தில் இருந்து சில நிமிட நடைதான். அந்த வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அது பட்டியலிலும் இல்லை, யாரும் வரிசையிலும் நிற்கவில்லை.

பக்கத்து ஊர் குட்னா ஹோராவும் பார்க்கலாமா?

இரண்டு நாளில் வேண்டாம்.

திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?

மரப் பொம்மைக்குள் பொம்மை வேண்டாம், அது ரஷ்யாவுடையது. சிவப்புக் கார்னெட் கல் இந்த நாட்டுச் சிறப்பு, ஆனால் சான்றிதழ் இல்லாமல் வாங்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு கிர்ட்டெக் என்ற மூஞ்சூறு மாதிரி மோல் பொம்மை. எல்லோருக்கும் பொதுவாக ஓப்ளாட்கி, வட்டமான பெரிய வேஃபர், உள்ளே ஹேசல்நட். சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். இரண்டு பெட்டி வாங்குங்கள். ஒரு பெட்டி ரயில் எல்லை தாண்டுவதற்குள் காலியாகிவிடும்.